பாழாய்ப்போன புல்தரையை மீட்பது எப்படி? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, கண்டி என எந்தப் பக்கம் போனாலும் களை மண்டிய முற்றத்தைக் காட்டி ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றாமல், பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் 1 பேர்ச்சுக்கு, அதாவது 272 சதுர அடிக்கு உரியவை.

ரெண்டு வருஷமா யாரும் கவனிக்கல. புல்லை விட களைதான் கூட. மொத்தமா கொத்திட்டுப் புதுசா போடணுமா, இருக்கிறதையே தேத்தலாமா?

எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கம்பியை வளைத்து ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம் செய்து, தரையில் 10 இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். சதுரத்துக்குள் பாதிக்கு மேல் நல்ல புல் இருக்கிற இடங்கள் 5 அல்லது அதற்கு மேல் என்றால் இருப்பதையே மீட்கலாம். 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் புதிதாகப் போடுவதே மிச்சம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், மோசமான பகுதிகளை மட்டும் கொத்திப் புதுப் புல் பதியுங்கள்.

எண்ணும்போது மேலிருந்து பார்த்தால் போதாது. களை இலைகளைக் கையால் விலக்குங்கள். வெளிச்சம் இல்லாமல் வெளிறிப்போன ஓடுதண்டுகள் அடியில் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அதில் ஒரு கணுவை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும். அது உயிருள்ள புல்தான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமலேயே, தேறக்கூடிய தரையைப் பலர் கொத்தித் தள்ளிவிடுகிறார்கள்.

எங்க தரையில இருக்கிறது என்ன புல்லுன்னே தெரியலையே?

மலையகத்து வீடுகளில் பெரும்பாலும் நான்கு வகைதான். இலை அகலமாக, நுனி மழுங்கி, தண்டு தட்டையாக இருந்தால் மலேசியன் புல். கடும்பச்சையாக இல்லாமல் பளிச்சென்ற பச்சையில், இலையில் மெல்லிய மயிரோடு, தடித்த தண்டு தரைக்கு மேலும் கீழும் ஓடினால் கிக்கியூ. கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டிலிருந்து வந்த இந்தப் புல் நுவரெலியா, அம்பேவெலப் பக்கம் தன் ஊர் போலவே வளர்கிறது. மெல்லிய முரட்டு இலை, கணுவுக்குக் கணு வேர், விரல் விரித்தது போன்ற பூங்கொத்து என்றால் அருகம்புல். நீலம் கலந்த சாம்பல் பச்சையில், தொட்டால் மென்மையாக இருப்பது புளூ கிராஸ்.

வெட்டும் உயரமும், மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் டொலமைட் தூளின் அளவும் வகைக்கு வகை வேறுபடும். அதனால் இதைத் தெரிந்துகொண்டுதான் மற்ற வேலைகளுக்குப் போக வேண்டும்.

எந்த மாசத்துல தொடங்கினா நல்லது?

உங்கள் வீடு மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை போன்ற மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை வறட்சி. பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடை என்று ஊவாப் பக்கம் கணக்கு தலைகீழ். அங்கே டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவமழை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சியும் காற்றும். ஏப்ரலை ஒட்டியும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு பெய்யும் மழை இரண்டு பக்கத்துக்கும் பொது. புல் பதிய ஏற்றது இந்த இடைமழைதான்.

ஆகவே மேற்குப் பக்கத்திலும் நுவரெலியாவிலும் பெப்ரவரியில் களையெடுப்பைத் தொடங்கி, மார்ச் கடைசியில் மழை பிடித்ததும் எரு போட்டுப் புல் பதியுங்கள். மே மாத அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். ஊவாவில் களையெடுப்பு செப்டெம்பரில், பதிப்பு ஒக்டோபர் முதல் வாரங்களில். கண்டிப் பக்கம் இரண்டு காலமும் சரிவரும். நுவரெலியாவில் மட்டும் வருடக் கடைசியில் புதுப் புல் பதிய வேண்டாம். வேர் இறங்குவதற்குள் ஜனவரிப் பனி வந்துவிடும்.

முழங்கால் உயரத்துக்கு வளந்து நிக்குது. முதல்ல என்ன செய்யிறது?

மெஷினைத் தூக்குவதற்கு முன் தரையை நடந்து பாருங்கள். கல், கம்பி, போத்தல் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். புல்வெட்டும் மெஷினின் நைலோன் கயிறு ஒரு சிறு கல்லைத் தெறித்தாலும் கண் போய்விடும். கண்ணாடி, சப்பாத்து, நீளக் காற்சட்டை இல்லாமல் வெட்டக் கூடாது. பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்பதையெல்லாம் நினைத்தும் பார்க்க வேண்டாம். வெட்டும் நேரம் முற்றத்தில் ஆளே இருக்கக் கூடாது.

ஒரே நாளில் தரைமட்டமாக வெட்டாதீர்கள். முதல் வெட்டு 15 சென்டிமீட்டருக்கு, 7 முதல் 10 நாள் கழித்து 8 சென்டிமீட்டருக்கு, மறுபடியும் அதே இடைவெளியில் 5 சென்டிமீட்டருக்கு. உயரமாக வளர்ந்த புல்லின் அடிப்பகுதியில் பச்சை இருக்காது. ஒரேயடியாக வெட்டினால் வெளிறிய தண்டு மட்டும் வெயிலில் நின்று கருகும். அந்த இடைவெளியில் களை விதைகள் முளைக்கும். இந்த மூன்று வெட்டுக் குப்பையையும் வாரி எடுத்துவிடுங்கள், அதில் விதை நிறைந்திருக்கும்.

புடுங்கிட்டே இருக்கேன், திரும்பத் திரும்ப வருது. ஏன்?

களை வருவதற்கான காரணம் மண்ணில் அப்படியே இருப்பதால்தான். எந்தக் களை, எந்த இடத்தில் கூடுதலாக இருக்கிறது என்று பாருங்கள். வல்லாரை படர்ந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. அங்கே முதலில் கான் வெட்ட வேண்டும். வெள்ளைக் குளோவரும் தொட்டாற்சுருங்கியும் கூடிய இடத்தில் நைதரசன் குறைவு. இரண்டும் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு அது முடியாது. நடந்து நடந்து இறுகிய இடத்தில், விசிறி மாதிரி மண்ணோடு படுத்து, அடியில் வெள்ளித் தண்டு காட்டும் முரட்டுப் புல் வரும். பாசி என்றால் நிழலும் ஈரமும்.

களையைப் பிடுங்கிய குழியைத் திறந்து விடாமல் அன்றைக்கே ஒரு பிடி மண்ணும் கூட்டெருவும் போட்டு அமுக்கி, பக்கத்துப் புல்லின் ஓடுதண்டை அதன்மேல் இழுத்துவிடுங்கள். புல் மூடிய இடத்தில் விதைக்கு வெளிச்சம் கிடைக்காது. களையெடுப்பில் பாதி வேலை இதுதான், பெரும்பாலானவர்கள் விடுவதும் இதைத்தான்.

கோரை, தொட்டாற்சுருங்கி, புளியாரை… இதுகளை எப்படி ஒழிக்கிறது?

ஒன்றுக்கு ஒன்று வழி வேறு. கோரையின் உயிர் கிழங்கில் இருக்கிறது. இலையைப் பிடித்து இழுத்தால் தண்டு அறுந்து, கிழங்கு மண்ணிலேயே தங்கி, சங்கிலி போலப் பக்கத்தில் புதிய கிழங்குகளை வைக்கும். முள்ளை, அதாவது மண் கிளறும் இரும்புக் கவையை, செடிக்கு ஒரு சாண் தள்ளி இறக்கி, மண்ணை நெம்பித் தளர்த்தி, கிழங்கோடு எடுங்கள். முளைத்து ஐந்தாறு இலை விடுவதற்குள் எடுத்துவிட்டால் புதுக் கிழங்கு வைக்க நேரம் கிடைக்காது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பருவம் முழுக்கத் தொடர வேண்டும். கறுப்புப் பொலித்தீனால் மூடுவது கோரைக்குப் பலிக்காது. ஊசி போன்ற முளை அதைத் துளைத்துக்கொண்டு மேலே வரும்.

தொட்டாற்சுருங்கிக்கு ஆழமான ஆணிவேர். நல்ல மழை பெய்த மறுநாள், தடித்த கையுறை போட்டு, அடிக்கழுத்தைப் பிடித்து நிதானமாக இழுத்தால் முழுசாக வரும். இளஞ்சிவப்புப் பூ காய்க்க விடாதீர்கள். விதை மண்ணில் பல வருடம் உறங்கிக் கிடந்து முளைக்கும்.

மஞ்சள் பூப் புளியாரை மேலோட்டமாகப் படர்வது, சுரண்டியால் எடுத்தால் போதும். இளஞ்சிவப்புப் பூ வகைதான் தொல்லை. அதன் அடியில் சின்ன வெங்காயம் மாதிரி குமிழும், அதைச் சுற்றிக் குஞ்சுக் குமிழ்களும் இருக்கும். மண்ணைக் கிளறினால் குஞ்சுகள் சிதறி, ஒன்று பத்தாகும். மண்வெட்டியால் மண்ணோடு சேர்த்துக் கட்டியாக எடுத்துச் சாக்கில் கட்டுங்கள். கோரைக்கிழங்கையும் இந்தக் குமிழையும் எருக்குழியில் போடவே கூடாது. தேயிலைக்குள் தொல்லை தரும் இஞ்சிப்புல்லுக்கும் இதே விதி. அதன் நிலத்தடித் தண்டில் ஒரு கணு மிஞ்சினாலும் முளைக்கும்.

களைநாசினி அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிருமே?

முற்றத்து அளவுக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. எல்லாவற்றையும் கொல்லும் மருந்து புல்லையும் கொன்றுவிடும், வெறும் மண்ணில் மறுபடி முதலில் வருவது களைதான். சட்டமும் இருக்கிறது. பரகுவாட் இலங்கையில் தடை. கிளைபொசேட் 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது; அதன்பிறகும் விதிகள் மாறின. யாரோ சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பதை வாங்காதீர்கள். கமநல சேவை நிலையத்தில் கேட்டு, பதிவு பெற்ற லேபிளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வயலில் அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும் அடிக்கும் எம்சிபிஏ போன்ற மருந்து புல்லை விட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் மலைக்காற்றில் அதன் துளி பறந்தால் பக்கத்து போஞ்சி, தக்காளி, ரோஜா, தேயிலை எல்லாம் இலை சுருண்டு போகும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கோ ஊற்றுக்கோ மேல்பக்கத்தில் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது. கீழே இருக்கிற லயம் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

மண்ணு புளிச்சுப் போச்சு, டொலமைட் போடுங்கன்னு சொல்றாங்க. எவ்வளவு?

முதலில் மண்ணின் பிஎச், அதாவது புளிப்பின் அளவைப் பாருங்கள்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். தரையில் ஐந்தாறு இடத்தில் 10 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து சோதிக்க வேண்டும். முன்பு தேயிலை இருந்த நிலமென்றால் நீண்டகால உரத்தால் அமிலம் கூடியிருக்கும், 4.5 அளவில் இருப்பது சாதாரணம். 5க்குக் கீழே என்றால் பேர்ச்சுக்கு 3 கிலோ டொலமைட். 5 முதல் 5.5 வரை என்றால் கிக்கியூவுக்கும் அருகம்புல்லுக்கும் ஒன்றரைக் கிலோ. மலேசியன் புல் அந்தப் புளிப்பைத் தாங்கும், அதற்கு வேண்டாம். 5.5க்கு மேல் எதற்கும் தேவையில்லை. போட்டு ஆறு மாதம் கழித்துத்தான் மறு சோதனை.

டொலமைட்டையும் யூரியாவையும் ஒன்றாகப் போடாதீர்கள். நைதரசன் அமோனியாவாகிக் காற்றில் போய்விடும். நடுவில் 3, 4 வாரம் விடுங்கள். அடுப்புச் சாம்பலும் டொலமைட்டின் வேலையையே செய்கிறது. இரண்டில் ஒன்று போதும்.

மண்ணு கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, தண்ணி ஊத்தினா வழிஞ்சு ஓடுது.

தோட்டத்தில் தேயிலைக்கு முள்ளுக் குத்துவது போலவே இங்கேயும் குத்த வேண்டும். மழை பெய்து ஒரு நாள் கழித்து, முள்ளை 10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நேராக இறக்கி, பிடியை இலேசாகப் பின்னால் சாய்த்து, உருவி எடுங்கள். மண்ணைப் புரட்டக் கூடாது. ஒரு சாணுக்குக் குறைவான இடைவெளியில் தரை முழுக்கக் குத்துங்கள். சேறாக இருக்கும்போது குத்தினால் துளையின் சுவர் மெழுகியது போல் அடைத்துக்கொள்ளும்.

குத்தி முடித்ததும் ஆற்று மணல் 2 பங்கு, மேல்மண் 1 பங்கு, சலித்த கூட்டெரு 1 பங்கு கலந்து தூவி, தும்புத்தடியால் துளைகளுக்குள் தள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் கனத்துக்கு, 20 லீட்டர் வாளியால் 6 வாளி வேண்டும். இலை நுனி வெளியே தெரிய வேண்டும். புல்லை முழுக்கப் புதைத்தால் அழுகிவிடும்.

மாட்டெரு நல்லா போட்டேன். களை இன்னும் கூடிப்போச்சு!

பச்சைச் சாணம் போட்டிருப்பீர்கள். மாடு தின்ற களைவிதை அதன் வயிற்றைக் கடந்தும் முளைக்கும். சாணத்தைக் காய்ந்த இலை, புல்லோடு அடுக்கி, கை வைக்க முடியாத சூடு வரும்படி குவித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளிப்பக்கத்தை உள்ளே புரட்டிப் போட்டு, மூன்று மாதமாவது வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நுவரெலியாக் குளிரில் குவியலைச் சாக்கால் மூடாவிட்டால் சூடு ஏறாது.

மொட்டையா இருக்கிற இடத்துக்கு எவ்வளவு புல் வாங்கணும்?

முழுவதையும் பாய் போல விரிக்கத் தேவையில்லை. ஓர் அடி சதுரப் புல்கட்டியை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் 36 துண்டு வரும். அரை அடிக்கு ஒன்று பதித்தால் சதுர அடிக்கு 4 துண்டு போதும். 1 பேர்ச் மொட்டைத் தரைக்கு ஏறக்குறைய 1,090 துண்டு, அதாவது 30, 31 கட்டி. ஒன்றிரண்டு கூட வாங்கிக்கொள்ளுங்கள்.

துண்டின் மேல்மட்டம் தரைமட்டத்தோடு சமமாக இருக்கும்படி குழியில் வைத்துக் காலால் மிதித்து அமுக்குங்கள். அடியில் காற்று நின்றால் வேர் காய்ந்துவிடும். மழை இல்லாத நாளில் காலையும் மாலையும் தண்ணீர், மூன்று வாரத்துக்கு. கண்டியில் சில மாதத்தில் மூடிவிடும். நுவரெலியாவில் மலேசியன் புல்லுக்கு அதைவிட நெடுநாள் ஆகும், பொறுக்க வேண்டும். வாங்கும் கட்டியைத் திருப்பிப் பாருங்கள். கோரைக்கிழங்கு ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தத் தொகுதியையே எடுக்காதீர்கள்.

யூரியா எப்ப, எவ்வளவு?

களையெடுத்து, டொலமைட்டுக்குப் பிறகு சொன்ன இடைவெளியும் முடிந்ததும், 125 கிராம். மணலோடு கலந்து, புல்லின் இலையில் ஈரம் இல்லாத நேரத்தில் தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஆறு வாரம் கழித்து அதே அளவு மறுபடி. அடைமழையில் போட்டால் அவ்வளவும் கானில் போய்விடும். புதிதாகப் பதித்த துண்டுகளுக்கு முதல் மாதம் வேண்டாம்.

எந்த உயரத்துக்கு வெட்டணும்?

மலேசியன் புல் 4 முதல் 5 சென்டிமீட்டர், கிக்கியூ 3 முதல் 4, அருகம்புல்லும் புளூ கிராஸும் 2 முதல் 3. தரை தேறிய பிறகு, வழக்கமான ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். நிழலில் இருக்கிற புல்லை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

சைப்ரஸ் மரத்தடியில பாசிதான் இருக்கு. உப்பு போட்டா போகுமா?

பாசி போகும், கூடவே மண்ணும் போகும். உப்பு தங்கிய இடத்தில் புல் வேர் பிடிக்காது. பாசியை வாரியால் சுரண்டி எடுத்து, மேலே சொன்னபடி முள்ளுக் குத்தி, தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரமாவது வெயில் விழாத இடத்தில் மலேசியன் புல்கூட நிற்காது. அங்கே பன்னமோ அந்தூரியமோ வைப்பது நல்லது.

எங்க முத்தம் சரிவு. மொத்தமா கொத்தினா மண்ணு போயிருமே?

போய்விடும், அதனால் மொத்தமாகக் கொத்தவே கூடாது. சரிவுக்குக் குறுக்காக இரண்டு அடி அகலப் பட்டைகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாக வேலை செய்யுங்கள். முதல் பட்டைகளில் புல் மூடிய பிறகுதான் மற்றவை. மேல்பக்கத்துக் கூரைத் தண்ணீரை முதலிலேயே கானில் திருப்பிவிடுங்கள். செங்குத்தான விளிம்பில் புல்லுக்குப் பதில் வெட்டிவேரை ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக நடலாம். நிலத்தில் புதிதாக வெடிப்புக் கண்டால், மரம் சாய்ந்தால், ஊற்று திடீரெனக் கலங்கினால் அது புல்தரைப் பிரச்சினை இல்லை. வேலையை நிறுத்திவிட்டு வீட்டாரோடு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்.

ராத்திரியில காட்டுப்பன்றி வந்து உழுதுட்டுப் போகுது.

அது தேடுவது மண்புழுவையும் வெண்புழுவையும். புல்லில் ஓர் அடி சதுரத்தை மூன்று பக்கம் வெட்டி, மூடி மாதிரித் திறந்து பாருங்கள். ஆங்கில ‘C’ எழுத்தைப் போல வளைந்த வெள்ளைப் புழு ஐந்துக்கு மேல் இருந்தால் புல்லின் வேரையும் அவை தின்றுகொண்டிருக்கின்றன. அந்த இடத்துப் புல் இழுத்தால் துணி போலக் கையோடு வரும். அந்தப் பகுதியைக் கொத்தி இரண்டு நாள் கோழியை மேய விடுங்கள். புழு குறைந்தால் பன்றியின் வரவும் குறையும். புரட்டிய கட்டிகளை விடிந்ததும் திரும்ப வைத்து மிதித்துத் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் பிழைக்கும். பிற்பகல் வரை வேர் வெயிலில் கிடந்தால் பிழைக்காது.

அட்டை?

புல்லை 5 சென்டிமீட்டருக்குள் வையுங்கள், வேலியோரத்தில் மூன்றடிக்கு எதையும் மண்ட விடாதீர்கள், தேங்கும் தண்ணீரை வடியுங்கள். உப்பைக் காலில் பூசிக்கொள்ளலாம், தரையில் போடக் கூடாது.

ஜனவரியில நுவரெலியாவில எல்லாம் செவந்து கருகிப்போச்சு. செத்துருச்சா?

பூப்பனி விழுந்தால் இலை கருகும், ஓடுதண்டு பெரும்பாலும் பிழைத்திருக்கும். முதல் கேள்வியில் சொன்ன நகக்கீறல் சோதனையைச் செய்து பாருங்கள். பனி உறைந்திருக்கும் விடியற்காலையில் அதன்மேல் நடக்காதீர்கள். உறைந்த இலை நொறுங்கி, மறுநாள் கால்தடம் கறுப்பாகத் தெரியும். நவம்பர் நடுவோடு யூரியாவை நிறுத்துங்கள், டிசம்பரில் வழக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். கருகிய இலையை உடனே வெட்ட வேண்டாம், மார்ச் வரை அது தண்டுக்குப் போர்வையாக இருக்கும்.

கிக்கியூ நல்லா வந்துருச்சு. இப்ப மரக்கறிப் பாத்திக்குள்ள ஓடுது, என்ன செய்ய?

எல்லையில் ஒரு சாண் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அதை வெறுமையாகவே வைத்திருங்கள். தரைக்கு மேலும் கீழும் ஓடிவரும் தண்டு அந்த இடைவெளியில் தலை நீட்டும்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிவிடலாம். வெட்டிய துண்டுகளைப் பாத்தியிலோ எருக்குழியிலோ போடாமல், தகரத்தின் மேல் வெயிலில் முறுமுறுவென்று காயவிட்டு அப்புறப்படுத்துங்கள். ஏற்கெனவே பாத்திக்குள் போனதை முள்ளால் நெம்பிக் கணுவோடு எடுக்க வேண்டும். மண்வெட்டியால் கொத்தினால் ஒவ்வொரு துண்டும் தனிப் புல்லாக முளைக்கும்.